ஒரே டெசிபல், வேறு வேறு சத்தம்: லிக்விட் கூலர்களைச் சோதித்த ஒரு மாதம்

போன ஏப்ரலில் என் மனைவி, தன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அறிவியல் பாடங்களைக் குரலில் பதிவு செய்துகொண்டிருந்தார். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்க்க வேர்க்கப் பேசி முடித்தவர், ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க, இதுல ஒரு கொசு கத்திட்டே இருக்குதுங்க."

கொசு இல்லை. மேசைக்கு அடியில் இருந்த என் கம்ப்யூட்டர்தான். அதில் நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் 240 மி.மீ. லிக்விட் கூலரின் பம்பு அது. பிராசசரின் சூட்டைத் தண்ணீரில் ஏற்றி, விசிறி பொருத்திய ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றும் கருவிதான் லிக்விட் கூலர்; 240 என்பது ரேடியேட்டரின் அளவு. தினமும் எட்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் என் காது அதை எப்போதோ விட்டுவிட்டிருந்தது. மைக் விடவில்லை.

நான் வீடியோ எடிட்டிங் செய்பவன். அவர் பதிவு செய்யும் நேரத்தில் என் எக்ஸ்போர்ட்டும் ஓடினால்தான் இருவர் வேலையும் முடியும், இருப்பது ஒரே அறை. எனவே கேள்வி தெளிவாக இருந்தது: பிராசசர் முழு வேகத்தில் வேலை செய்யும்போதே, மைக்கில் விழாத அளவுக்கு அமைதியாக இருக்கக்கூடிய கூலர் எது? இணையத்தில் இருக்கும் பெரும்பாலான சோதனைகள் ஏசி போட்ட 21, 22 டிகிரி அறையில் நடந்தவை. கோயம்புத்தூரில் என் அறை ஏப்ரல் இரவில் 30, மதியம் 34. அதனால் நானே அளந்து பார்ப்பதென்று முடிவு செய்தேன். பழைய 240 கையில் இருந்தது. புதிதாக ஒரு 360 வாங்கினேன். நண்பரிடம் இருந்த, தண்ணீர் இல்லாமல் உலோகத் துடுப்புகளாலும் விசிறியாலும் பிராசசரைக் குளிர்விக்கும் இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்றை ஒரு மாதத்துக்குக் கேட்டு வாங்கிவந்தேன். ஒப்பிட்டுப் பார்க்கக் காற்றில் குளிரும் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் தண்ணீர் என்ன செய்கிறது என்று சொல்ல முடியாது.

மூன்றின் பிராண்டையும் எழுதப் போவதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பீஸைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இது எந்தக் கூலர் வாங்கலாம் என்ற பரிந்துரை இல்லை, எப்படி அளந்தேன், எங்கே தவறினேன் என்ற பதிவு.

மேசை

பிராசசர் இன்டெல் ஐ7-12700கே. இதன் அடிப்படை மின்செலவு 125 வாட், உச்சம் 190 வாட். பயோஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், மின்செலவின் நீள, குறுகிய கால வரம்புகள் இரண்டையும் ஒரே எண்ணில் பூட்டிவிட்டேன். ஒரு சுற்று 125, ஒரு சுற்று 190. இது முக்கியம். பூட்டாமல் விட்டால் ஒவ்வொரு கூலருக்கும் பிராசசர் வேறு வேறு அளவு வெப்பத்தைத் தரும், அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? பிராசசரை முழுமூச்சாக வேலை வாங்கும் பிரைம்95 மென்பொருளில் சின்ன எஃப்எஃப்டி என்ற சோதனையை ஓட்டினால் மின்செலவு அந்த வரம்பில் போய் அசையாமல் நிற்கும். வெப்பத்தையும் வேகத்தையும் பதிவு செய்ய எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள், இரண்டு விநாடிக்கு ஒரு முறை.

கேபினட்டை விட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசைமேல் பரப்பினேன். கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டேன். இந்தப் பிராசசரிலேயே திரைக்கு வேண்டிய கிராஃபிக்ஸ் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) இந்த அளவு லோடில் தன் விசிறியைச் சுற்றாத வகை. ஆக, சத்தம் போடுவது கூலர் மட்டும்தான். 240, 360 இரண்டுக்கும் கூடவே வந்த விசிறிகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரே மாதிரியான ஆர்டிக் பி12 விசிறிகளைப் பொருத்தினேன். இரண்டு ரேடியேட்டருக்கும் ஒரே விசிறி என்றால், கிடைக்கிற வித்தியாசம் ரேடியேட்டராலும் பம்பாலும் வருவது.

அறை வெப்பத்துக்கு மல்டிமீட்டரோடு வரும் கே வகை தெர்மோகப்பிள், விசிறி காற்றை இழுக்கும் பக்கம் ஒரு சாண் தள்ளி. மூடிய சிறு அறையில் 190 வாட் ஓடினால் அறையே சூடாகும். என் அறை ஒரு மணி நேரத்தில் இரண்டு டிகிரி ஏறியது. அதனால் எங்கே பார்த்தாலும் நான் எழுதுவது பிராசசர் வெப்பத்திலிருந்து அந்த நேரத்து அறை வெப்பத்தைக் கழித்த எண். அறை 22 ஆக இருந்தாலும் 34 ஆக இருந்தாலும் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மாறாது. மாறாத இன்னொன்று பிராசசரின் 100 டிகிரி எல்லை. குளிர் அறையில் சோதிப்பவரைவிட நமக்குப் பன்னிரண்டு டிகிரி இடம் குறைவு.

இரவு இரண்டு மணி

சத்தத்தை அளப்பது வெப்பத்தை அளப்பதைவிடப் பல மடங்கு பாடு. என்னிடம் இருப்பது விலை குறைந்த சவுண்ட் மீட்டர். அதன் அளவு 30 டெசிபலில்தான் தொடங்குகிறது. பகலில் அறையின் சத்தமே 40ஐத் தாண்டும். பஸ், எதிர்வீட்டு போர் மோட்டார், குருவிகள். இரவு ஒன்றரைக்கு மேல்தான் அடங்கும். ஃப்ரிட்ஜை அணைத்து, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வேறு அறையில் வைத்தால், எல்லாம் நின்ற பிறகு மீட்டரில் 31.5. அதற்குக் கீழே ஒருநாளும் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே சில்வண்டு கத்தினால் அன்றைக்கு வேலை நடக்காது.

31.5 இருக்கும் அறையில் 34 என்று மீட்டர் காட்டினால், கூலரின் சத்தம் 34 இல்லை. டெசிபல் மடக்கைக் கணக்கு, நேரடியாகக் கழிக்க முடியாது. இரண்டையும் ஆற்றலாக மாற்றிக் கழித்து மறுபடி டெசிபலாக்கினால் கூலரின் பங்கு 30.4தான். அதுவே மீட்டர் 40 காட்டினால் கூலரின் பங்கு 39.3, பிழை ஒரு டெசிபலுக்கும் குறைவு. எனவே அமைதியான கோடியில் அளப்பதை விட்டுவிட்டு, மீட்டரைப் பக்கத்தில் கொண்டுவந்து 40க்கு அருகே அளந்தேன். ரேடியேட்டரின் பக்கவாட்டில் 30 செ.மீ. தூரம், காற்று நேரே மீட்டரில் அடிக்காத கோணம், மைக் முனையில் பஞ்சு உறை. தரையில் டேப் ஒட்டி முக்காலி நிற்கும் இடத்தைக் குறித்துவைத்தேன். பாதி தூரம் நெருங்கினால் ஆறு டெசிபல் வரை ஏறிவிடும் என்பதால் ஒரு கை அகலம் நகர்ந்தாலும் எண் மாறும்.

முதல் வாரம் முழுக்க எடுத்த அளவுகளைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. 240ஐ நான்கு வருடத்துக்கு முன் பொருத்தியபோது, வயர் அழகாக இருக்கட்டுமென்று பம்பையும் இரண்டு விசிறிகளையும் ஒரே ஸ்ப்ளிட்டரில் (ஒரு முனையைப் பல கிளையாகப் பிரிக்கும் வயர்) சேர்த்து, சிபியு ஃபேன் முனையில் மாட்டியிருந்தேன். சோதனைக்காக விசிறியை 55 சதவீதத்தில் நிறுத்தியபோது பம்பும் அதோடு சேர்ந்து 55க்கு இறங்கியிருக்கிறது. ஸ்ப்ளிட்டரில் ஒரு கிளைதான் வேகத்தைத் திருப்பிச் சொல்லும். திரையில் தெரிந்தது விசிறியின் வேகம் மட்டுமே. 240 ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஐந்து இரவுகள் ரேடியேட்டரைச் சந்தேகித்தேன். கடைசியில் பம்பின் வயரைத் தனியே எடுத்து, மதர்போர்டில் பம்புக்கென்றே இருக்கும் முனையில் மாட்டியதும் 2800 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 2800 சுற்று, என்று தெரிந்தது. அதற்கு முன் ஓடியது 1700க்குப் பக்கம். வீட்டில் லிக்விட் கூலர் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பம்பு தனி முனையில், மாறாத வேகத்தில் இருக்க வேண்டும்.

வெப்பம் எங்கே தங்குகிறது

லிக்விட் கூலரில் வெப்பம் இரண்டு படி இறங்குகிறது. பிராசசரிலிருந்து, அதன்மேல் தடவும் வெப்பம் கடத்தும் பேஸ்ட் வழியாகச் செப்புத் தகட்டுக்கு வந்து, தகட்டின் உட்புறம் மயிரிழை போல் செதுக்கியிருக்கும் துடுப்புகள் வழியாகத் தண்ணீருக்கு. அப்புறம் தண்ணீரிலிருந்து ரேடியேட்டர் வழியாகக் காற்றுக்கு. தண்ணீரின் வெப்பத்தையும் தனியே அளந்தால் இந்த இரண்டு படிகளையும் பிரித்துப் பார்க்கலாம். 360க்குள் அதற்கென்று சென்சார் இருக்கிறது. 240இல் இல்லை, ரேடியேட்டரின் குழாய் முனையில் இன்னொரு தெர்மோகப்பிளை வைத்து, மேலே பஞ்சு சுற்றி டேப் போட்டேன்.

190 வாட்டில், பம்பு முழு வேகத்தில், 240இன் பிராசசர் தண்ணீரைவிட 39 டிகிரி அதிகம். தண்ணீர் அறையைவிட 15 அதிகம். 360இல் அவை 38, 11.

இந்த நான்கு எண்களைப் பார்த்துவிட்டு அன்றிரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை. ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் குறைவது இரண்டாவது படி மட்டும்தான். வெப்பத்தில் பெரும்பகுதி முதல் படியில், கட்டைவிரல் அளவு சில்லுக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் தேங்கி நிற்கிறது. ரேடியேட்டரை வீட்டுக் கதவு அளவுக்குப் பெரிதாக்கினாலும் அந்த 38 அப்படியே இருக்கும். 240இலிருந்து 360க்கு மாறியவர்கள் பலரும் "நாலஞ்சு டிகிரிதான் குறைஞ்சுது" என்று வருத்தப்படுவதன் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயம் நேரம். கால் லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதை ஒரு டிகிரி ஏற்றவே 190 வாட்டுக்கு ஐந்தரை விநாடி வேண்டும். அலுமினிய ரேடியேட்டரும் தன் பங்குக்கு வெப்பத்தை விழுங்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டேதான் இருக்கும், கூலர் தன் உண்மையான வலிமையைவிட நன்றாகத் தெரியும். என் வரைபடங்களில் தண்ணீர் நிலைக்கு வரப் பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆனது. நான் ஒவ்வொரு சுற்றையும் 25 நிமிடம் ஓட்டி, கடைசி ஐந்து நிமிடத்தின் சராசரியை எடுத்தேன். மூன்று நிமிடம் ஓட்டிவிட்டுச் சொல்லப்படும் லிக்விட் கூலர் முடிவுகளை இனி நான் நம்பமாட்டேன்.

முதல் படிதான் பெரியது என்றால் பேஸ்ட்டும் பொருத்தும் விதமும் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். ஒவ்வொரு கூலரையும் மூன்று முறை கழற்றி, துடைத்து, புதிதாகப் பேஸ்ட் வைத்து மாட்டினேன். மூன்றும் ஒன்றுபோல் வராது. ஒன்றரை, இரண்டு டிகிரி முன்பின் இருக்கும். எனவே இரண்டு டிகிரிக்குள் வரும் எந்த வித்தியாசத்தையும் நான் வித்தியாசமாகக் கணக்கில் எடுக்கவில்லை.

360இன் இரண்டாவது பொருத்தலில் மட்டும் ஆறு டிகிரி கூடியது. கழற்றிப் பார்த்தேன். செப்புத் தகட்டைத் திருப்பி விளக்குக்கு நேரே பிடித்தால் பேஸ்ட்டின் ரேகை எல்லாவற்றையும் சொல்லிவிடும். நல்ல பொருத்தலில் நடுவில் பேஸ்ட் ஏறக்குறைய இல்லாமல் செம்பின் நிறம் உள்ளிருந்து தெரியும், ஓரத்தில் சாம்பல் வரம்பு கட்டியிருக்கும். இதில் ஒரு பக்கம் அப்படியே செம்பு தெரிய, எதிர்ப்பக்கம் பேஸ்ட் தடியாக, தோசைக்கல்லில் ஒரு ஓரம் வேகாத மாவு போல நின்றிருந்தது. ஒரு மூலைத் திருகை நான் முதலில் முழுவதும் இறுக்கிவிட்டேன், தகடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு ஒரு திருகுக்கு அரைச் சுற்று, அடுத்து அதற்கு எதிர்மூலை, மறுபடி அரைச் சுற்று என்று மட்டும்தான் இறுக்கினேன். மூன்றாவது பொருத்தல் முதலாவதோடு ஒத்துப்போனது. இந்த வகை சாக்கெட்டில் பிடிமானம் பிராசசரை நடுவில் அழுத்தி லேசாக வளைக்கும் என்பதால் பேஸ்ட்டில் கஞ்சத்தனம் கூடாது.

மாமா கேட்ட சத்தம்

இரண்டாவது வாரம் 240 புதிதாக ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. கொசுச் சத்தத்துக்கு நடுவே களக், களக் என்று, சொம்பில் தண்ணீர் ஊற்றுவது போல. என் மாமாவுக்குக் கணபதியில் பம்புசெட் பட்டறை. முப்பது வருடமாக மோட்டார் பிரித்துக் கட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவரிடம் காட்டினேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. என் பெட்டியிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தார். முனையைப் பம்பின் மூடிமேல் மெல்ல வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். பட்டறையில் பேரிங் பார்ப்பது இப்படித்தான். மூடியில் மூன்று இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். அப்புறம் ஸ்க்ரூடிரைவரை என்னிடம் கொடுத்து, "நீயே கேளு மாப்ள" என்றார்.

காதோடு வைத்ததும் அறையின் மற்ற சத்தமெல்லாம் போய்விட்டது. சீரான ஒரு இரைச்சல். அதன்மேல் விட்டுவிட்டு, மணல் விழுவது போல் ஒரு நொறுநொறுப்பு.

"பேரிங் நல்லா இருக்குது. காத்து புடிச்சிருக்குது. இம்பெல்லருக்குள்ள குமிழி போய்ட்டு போய்ட்டு வருது. இத ஏன் மேல தூக்கி வெச்சிருக்கற?"

மேசையைப் பார்த்தேன். மதர்போர்டு அட்டைப்பெட்டியின் மேல், ரேடியேட்டர் மேசைமேல் படுக்கையாக. அதாவது மொத்தச் சுற்றிலும் உயரமான இடம் பம்புதான். எந்த மூடிய கூலரிலும் கொஞ்சம் காற்று இருக்கும். வருடங்கள் ஓட ஓட, ரப்பர் குழாயின் சுவர் வழியாகவே தண்ணீர் துளித்துளியாக ஆவியாகிப் போவதால் அந்தக் காற்று இன்னும் கூடும். அது உயரமான இடத்தைத் தேடிப் போகும். நான் அதற்குப் பம்பையே வீடாகக் கொடுத்திருந்தேன். இந்தப் பம்புகளின் பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது, உள்ளே ஓடும் நீர்தான் வழவழப்பு. மாமாவுக்கு இதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவர் பிரித்துக் கட்டும் நீர்மூழ்கி மோட்டார்களிலும் பேரிங்குக்கு நீர்தான் துணை. "காத்தோட ஓடுனா தேஞ்சுபோயிரும் மாப்ள, மொதல்ல நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். ரேடியேட்டரை நாற்காலியில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, குழாய்கள் கீழே வரும்படி வைத்தோம். காற்று மேல்முனைத் தொட்டியில் போய் ஒதுங்கும், குழாயின் வாய் எப்போதும் நீரில் மூழ்கியே இருக்கும். பம்பை ஓடவிட்டு, ரேடியேட்டரை இடம் வலமாகச் சாய்த்து இரண்டு மூன்று முறை தட்டினார். குடல் இரைவது போல் ஒரு நீளமான சத்தம் வந்து, நின்றது. அதன் பிறகு களக் இல்லை. கேபினட்டில் ரேடியேட்டரை மேலே பொருத்தினால் இந்தப் பிரச்சினையே வராது. முன்பக்கம் பொருத்துபவர்கள் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரே சத்தத்தில் நிறுத்தி

விசிறியை முழு வேகத்தில் விட்டு எது குளிர்ச்சி என்று கேட்பது எனக்கு உதவாது. எல்லாக் கூலரையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, அப்போது எது குளிர்ச்சி என்று கேட்க வேண்டும். மீட்டரில் 40 என்று வைத்துக்கொண்டேன். விசிறி வேகத்தைப் பத்துப் பத்து ஆர்பிஎம்மாக நகர்த்தி, 40 வந்த இடத்தில் நிறுத்தி, அந்த வேகத்தில் 25 நிமிடம் ஓட்டினேன். மேலே சொன்ன 39, 15, 38, 11 எல்லாம் இந்த நிலையில் எடுத்தவைதான்.

240இன் இரண்டு விசிறிகள் 1250 ஆர்பிஎம்மில் 40ஐத் தொட்டன. 360இன் மூன்று விசிறிகள் 1150இல். இது கணக்கோடும் பொருந்துகிறது. ஒரே வேகத்தில் இரண்டு விசிறிக்குப் பதில் மூன்று ஓடினால் 1.8 டெசிபல்தான் கூடும். அதை ஈடுகட்ட வேகத்தை எட்டு சதவீதம் குறைத்தால் போதும், ஏனென்றால் விசிறிச் சத்தம் வேகத்தோடு மிக வேகமாக ஏறி இறங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் 15 டெசிபல் போய்விடும். ஆக, அதே சத்தத்துக்கு 360இல் ஏறத்தாழ 38 சதவீதம் அதிகக் காற்று கிடைக்கிறது. பெரிய ரேடியேட்டருக்குக் காசு கொடுப்பது இதற்குத்தான்.

190 வாட்டில் அறையைவிட 240 54 டிகிரி அதிகம், 360 49, ஏர் கூலர் 60. அறை 30 ஆக இருக்கும் இரவில் 84, 79, 90. மே மாத மதியத்தில் நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏர் கூலர் 94ஐத் தொடும். எல்லைக்குள்தான், ஆனாலும் எனக்கு மனது ஒப்பவில்லை.

125 வாட்டில் படமே மாறிவிட்டது. 35, 32, 39. மூன்றுக்கும் நடுவே ஏழு டிகிரிதான். நான் எதிர்பார்க்காத விஷயம் வேகம்: பிராசசரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் 190க்கும் 125க்கும் என் பிராசசரில் இருந்த வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான். இருபது நிமிட எக்ஸ்போர்ட் இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இத்தனை வெப்பமும் இத்தனை சத்தமும்.

கொசு

சரி, மூன்றும் 40 டெசிபல். அப்படியென்றால் மூன்றும் ஒன்றுபோல் கேட்க வேண்டுமே? கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லிவிடலாம்.

போனில் ஸ்பெக்ட்ராய்ட் என்ற ஆப்பைப் போட்டு அலைவரிசையைப் பார்த்தேன். போன் மைக்கின் டெசிபலை நம்பக்கூடாது, எந்த அலைவரிசையில் மேடு நிற்கிறது என்பதை நம்பலாம். விசிறியில் ஐந்து இலை. 1250 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 104 முறை ஓர் இலை கடந்துபோகும். அந்த இடத்தில் மேடு இருக்க வேண்டும், இருந்தது. ஆனால் விசிறியை நிறுத்தியும் 100 ஹெர்ட்ஸில் ஒரு மேடு போகாமல் நின்றது. அறை மூலையில் இருந்த இன்வெர்ட்டர் அது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல் 100இல்தான் வரும். பல இரவு அதையும் விசிறியின் கணக்கில் எழுதியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் வேகத்தை மாற்றிப் பாருங்கள். கூலரின் மேடு நகரும், மற்றவை நகராது.

அப்படி நகர்த்திப் பார்த்ததில்தான் கொசு சிக்கியது. பம்பு 2800இல் ஓடும்போது 560 ஹெர்ட்ஸில் ஊசி போல் ஒரு மேடு. பம்பை 1700க்கு இறக்கினால் அது 340க்கு வந்து, உயரமும் குறைந்துவிட்டது. இரண்டிலும் பம்பின் சுழற்சியைப்போல் சரியாகப் பன்னிரண்டு மடங்கு. பெண் கொசுவின் சிறகடிப்பும் இந்த 400, 600 ஹெர்ட்ஸ் பக்கம்தான். என் மனைவியின் காது சரியாகத்தான் சொல்லியிருந்தது.

மீட்டரில் அது ஏன் தனியாகத் தெரியவில்லை? மீட்டர் எல்லா அலைவரிசையையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்கிறது. மனிதக் காதைப் பின்பற்றும் திருத்தத்தில் 100 ஹெர்ட்ஸுக்கு 19 டெசிபல் கழிப்பார்கள், 500 ஹெர்ட்ஸுக்கு மூன்றுதான். காது அதையும் தாண்டிப் போகிறது. பரந்து கிடக்கும் காற்றிரைச்சலைப் பின்னணியாக ஒதுக்கிவிட்டு, ஒரே சுருதியில் நீண்டு நிற்கும் மெல்லிய ஒலியைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு விசிறிகள் 12 ஆர்பிஎம் வித்தியாசத்தில் ஓடினால் விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் 'வாவ் வாவ்' கேட்பதும் இதே வகைத் தொந்தரவு; அதுவும் மீட்டரில் தெரியாது.

கடைசிச் சோதனையை மனைவியிடம் விட்டேன். அவருடைய பதிவு மைக்கை அவர் உட்காரும் இடத்திலேயே வைத்து, நான்கு முறை அரை நிமிடம் பதிவு செய்தேன். ஏர் கூலர், 240 பம்பு முழு வேகத்தில், 240 பம்பு 1700இல், 360 பம்பு குறைந்த வேகத்தில். நான்கும் மீட்டரில் 40. எது எதுவென்று சொல்லாமல் கேட்கக் கொடுத்தேன். முழு வேகப் பம்பை இரண்டே விநாடியில் ஒதுக்கினார். 360ஐ முதலாவதாக வைத்தார், ஏர் கூலரை இரண்டாவதாக. "இது வெளிய காத்தடிக்கற மாதிரி இருக்குதுங்க, பேச ஆரம்பிச்சா தெரியாது" என்றார். வேகம் குறைத்த 240 மூன்றாவது. ஆனால், இது இருந்தாலும் பதிவு செய்வேன் என்றார்.

பம்பைக் குறைத்ததற்கு வெப்பத்தில் கொடுத்த விலை மூன்று டிகிரி. அவ்வளவுதான். முதல் வாரத்தில் நான் கிழித்துப் போட்ட அளவுகள், தெரியாமல் எடுத்திருந்தாலும், இந்த மூன்று டிகிரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. முன்பே தெரிந்திருந்தால் 360 வாங்காமல், 240இன் பம்பை மட்டும் இறக்கிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். உங்களிடம் சத்தம் போடும் லிக்விட் கூலர் இருந்தால் காசு செலவழிக்கும் முன் அதைச் செய்து பாருங்கள்.

இப்போது கேபினட்டின் மேல்பக்கம் 360 இருக்கிறது. பம்பு 1800இல் நிலையாக. விசிறிகளைப் பிராசசர் வெப்பத்தோடு கட்டாமல் தண்ணீர் வெப்பத்தோடு கட்டியிருக்கிறேன். பிராசசர் ஒரு விநாடியில் இருபது டிகிரி குதிக்கும், தண்ணீர் நிதானமாகத்தான் ஏறும், எனவே விசிறியும் நிதானமாகவே ஏறி இறங்குகிறது. பதிவு நடக்கும் நேரத்தில் 125 வாட், விசிறி 800. ஒளியைப் பற்றிய பாடம் போன வாரம் எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவானது. ஹெட்போனில் நானும் கேட்டேன். மூச்சு இழுக்கும் இடங்களில்கூட அவர் குரல் மட்டும்தான்.

240 மாமாவின் பட்டறையில் கணக்கு எழுதும் கம்ப்யூட்டருக்குப் போயிருக்கிறது, ரேடியேட்டர் மேலே இருக்கும்படிதான்.

360ஐப் பொருத்துவதற்கு முன் விசிறிகளைக் கழற்றிவிட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். 1,186 கிராம். தேதியோடு அதை ஒரு டேப்பில் எழுதி ரேடியேட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். அடுத்த ஏப்ரலில் கழற்றி மறுபடி நிறுத்துப் பார்ப்பேன். குழாய் வழியாகப் போன தண்ணீர் எவ்வளவு என்று அப்போது தெரிந்துவிடும்.